மைட், உண்ணி ஆய்வாளர்களுக்கு ஒரு சிறு சங்கம்: கேள்வி பதில்

மைட் (உண்ணிக்கு உறவான, மிகச் சிறிய எட்டுக்கால் உயிரி), உண்ணி ஆய்வாளர்களுக்கான சங்கங்களை நடத்துகிறவர்களும் தொடங்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, சங்க நிர்வாகத்தில் பழகிய உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார். நூற்றைம்பது பேரைத் தாண்டாத, சம்பள ஊழியர் இல்லாத சங்கங்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கே: ஐயா, எங்களிடம் இருபது பேர்தான் இருக்கிறோம். தனிச் சங்கம் தேவையா? பூச்சியியல் சங்கத்தில் ஒரு பிரிவாக இருந்துவிடலாமா?

இருபது பேர் போதும். எண்ணிக்கையைவிட அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைப் பாருங்கள். பயிர் மைட் பார்ப்பவர் வேளாண் துறையில் இருப்பார், உண்ணி பார்ப்பவர் கால்நடை மருத்துவத்தில், மைட் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பார்ப்பவர் பொதுச் சுகாதாரத்தில், மண் மைட் பார்ப்பவர் சூழலியலில். இவர்கள் சாதாரணமாக ஒரே அறையில் சந்திப்பதே இல்லை. அந்தச் சந்திப்பை உண்டாக்கத்தான் தனிச் சங்கம். இருபது பேரும் ஒரே துறையின் ஒரே தாழ்வாரத்தைச் சேர்ந்தவர்கள் என்றால் பிரிவாகவே இருங்கள், செலவாவது மிச்சம்.

நோக்கப் பிரிவில் “மைட்களும் உண்ணிகளும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்த ஒற்றைக் குழுவா என்பதே இன்னும் வாதத்தில் இருக்கிறது. வகைப்பாடு மாறும்போதெல்லாம் சங்க விதியைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

கே: விதிமுறைகளில் எதை மறக்கக் கூடாது?

நான்கு இடங்களில்தான் சிக்கல் வரும்.

முதலாவது குறைந்தபட்ச வருகை. பாதிப் பேர் வந்தால்தான் பொதுக்குழு செல்லும் என்று எழுதிய சங்கங்கள், வருடக்கணக்கில் எதையும் தீர்மானிக்க முடியாமல் கிடக்கும். வாக்குரிமை உள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். இணைய வழியில் கலந்துகொள்பவரும் கணக்கில் சேருவார் என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

இரண்டாவது பதவிக்காலம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே நாளில் மாறக் கூடாது. மூன்றாண்டுப் பதவி என்றால் ஆண்டுக்கு ஒருவர் மாறட்டும். அடுத்த தலைவரை ஓராண்டு முன்பே தேர்ந்தெடுத்துக் குழுவில் உட்காரவைத்தால் பாதிச் சங்கடம் தீரும்.

மூன்றாவது, பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல். அந்த இருவரும் ஒரே ஆய்வகமாகவோ வழிகாட்டி-மாணவர் உறவாகவோ இருக்கக் கூடாது.

நான்காவது கலைப்பு விதி. சங்கம் கலைந்தால் மீதிப் பணமும் பொருளும் எங்கே போகும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பதிவுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், வரைவை உள்ளூர் விதிகள் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கே: மாணவர்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா?

கொடுங்கள். செயற்குழுவில் ஓர் இடமும் ஒதுக்குங்கள்.

கே: ஆயுள் சந்தா வாங்கினால் கையில் பணம் சேரும் என்கிறார் எங்கள் பொருளாளர். சரிதானா?

சேரும், பிறகு வற்றும். ஆண்டுச் சந்தாவைப் போல 12 மடங்கை ஆயுள் சந்தாவாக வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி உயர்வு போக 3 சதவீதம் வட்டி கிடைத்து, ஆண்டுதோறும் ஒரு சந்தா அளவு அதிலிருந்து எடுத்தால், ஏறக்குறைய 15 ஆண்டுகளில் அந்தத் தொகை முடிந்துவிடும். முப்பது வயதில் சேர்ந்தவர் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உறுப்பினர். முப்பது ஆண்டு தாங்க வேண்டுமென்றால் 20 மடங்கு அளவுக்கு வேண்டும். அதை யாரும் கட்டமாட்டார்கள்.

ஏற்கெனவே ஆயுள் சந்தா இருந்தால் அந்தப் பணத்தைத் தனி வைப்பில் போட்டு, ஆண்டுக்கு ஒரு சந்தா அளவு மட்டும் வருமானமாக எடுத்துக் காட்டுங்கள். வந்த ஆண்டே மாநாட்டுச் சாப்பாட்டில் கரைப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓராண்டு, மூன்றாண்டு என இரண்டு சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: பழைய செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இணையதளக் கடவுச்சொல் அவர் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு போய்விட்டது. என்ன செய்வது?

டொமைன் பதிவு நிறுவனத்துக்குச் சங்கப் பதிவுச் சான்று, புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த தீர்மானத்தின் நகல் இரண்டையும் அனுப்பி உரிமை மாற்றம் கேளுங்கள். டொமைன் சங்கத்தின் பெயரில் இருந்தால் நடக்கும். தனிநபர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. காலாவதித் தேதி எது என்று இன்றே பாருங்கள்.

இனிமேலுக்கு: செயலாளர், பொருளாளர், பதிப்பாசிரியர் என்ற பதவிப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரிகள் வையுங்கள், எல்லாக் கணக்குகளும் அவற்றின் பெயரில் இருக்கட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஒருவர் கைபேசியில் மட்டும் இருக்கக் கூடாது. உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, கணக்கு மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை பிரதி எடுத்து, செயற்குழுவில் இல்லாத ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

கே: எங்களுக்கென்று ஆய்விதழ் தொடங்க ஆசை. வழி சொல்லுங்கள்.

முதலில் தடுத்துப் பார்க்கிறேன். அகராலஜி எனப்படும் இந்த மைட், உண்ணித் துறைக்கு இதழ்கள் இருக்கின்றன: ‘அகரோலோஜியா’ 1959 முதல் வருகிறது, ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் அகராலஜி’ 1975 முதல், ‘எக்ஸ்பெரிமென்டல் அண்ட் அப்ளைடு அகராலஜி’ 1985 முதல், ‘சிஸ்டமேட்டிக் அண்ட் அப்ளைடு அகராலஜி’ 1996 முதல். நல்ல கட்டுரையை உங்கள் உறுப்பினரே அங்கேதான் அனுப்புவார். மீதி வருவதை வைத்து இதழ் நடத்தினால் ஆசிரியருக்கு மனச்சோர்வுதான் மிஞ்சும். ஆண்டுக்கு இரண்டு செய்திமடல் போதும்: புதிய ஆய்வேடுகளின் பட்டியல், யாரிடம் எந்தக் குடும்பத்தின் மாதிரிகள் உள்ளன, யார் எதை இனங்காண்பார். படிப்பவர் தேடுவது இவற்றைத்தான்.

தொடங்கியே தீருவீர்கள் என்றால், கையில் இரண்டு இதழுக்கான ஏற்கப்பட்ட கட்டுரைகள் இல்லாமல் அறிவிப்பே விடாதீர்கள். ஐஎஸ்எஸ்என் எண் (இதழின் அடையாள எண்), இதழை இணையத்தில் நடத்த ஓஜேஎஸ் போன்ற இலவச மென்பொருள், டிஓஐக்கு (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) அதைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் உறுப்பினர் கட்டணம் (ஆண்டுத் தொகை தனி, கட்டுரைக்கு ஒரு சிறு தொகை தனி), வெளி அமைப்பு ஒன்றில் நிரந்தரக் காப்பு ஆகிய நான்கும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தளம் அணைந்த அன்று கட்டுரைகளும் மறைந்துவிடும்.

கே: மாநாட்டுச் சுருக்கத் தொகுப்பில் ஒருவர் தன் புதிய இனத்தின் பெயரைப் போட்டுவிட்டார். இது வெளியீடாகிவிடுமா?

ஆகாது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு மாநாட்டுப் பங்கேற்பாளர்களுக்கென்று வெளியிடப்படும் சுருக்கங்களும் சுவரொட்டிகளும் வெளியீடாகக் கருதப்படுவதில்லை. ஆனால் தொல்லை வேறு வழியில் வரும். அந்தப் பெயரை யாராவது பட்டியலில் சேர்ப்பார், இன்னொருவர் அதை மேற்கோள் காட்டுவார், செல்லுபடியாகாத ஒரு பெயர் பத்தாண்டு சுற்றிவரும்.

அதனால் சுருக்கம் ஏற்கும்போதே “புதிய பெயரை எழுதாதீர்கள், ‘பேரினம் இன்னது, இனம் 1’ என்று எழுதுங்கள்” என்று அறிவியுங்கள். தொகுப்பின் முதல் பக்கத்தில், பெயரிடல் நோக்கில் இது வெளியீடு அல்ல என்று ஒரு வரி போடுங்கள். செய்திமடலுக்கும் அதே வரி அவசியம். அச்சுச் செய்திமடல் மாநாட்டுப் பொருள் அல்ல என்பதால் மேலே சொன்ன விலக்கு அதற்குக் கிடையாது. யாரோ ஒருவர் ஆர்வத்தில் விவரணையோடும் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) விவரத்தோடும் செய்தி எழுதிவிட்டால், பெயரின் ஆசிரியராக அவரே நின்றுவிடக் கூடும்.

மின்வடிவத்தில் மட்டும் வரும் இதழில் புதிய பெயர் வெளியிடுவதானால், வெளியீட்டுக்கு முன்பே அந்த வெளியீட்டை விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிய வேண்டும். பதிவானதற்கான சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவில் ஐஎஸ்எஸ்என் எண்ணும், பதிப்பாளர் அல்லாத ஒரு காப்பு அமைப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். இந்த ஏற்பாடு 2012இல் வந்தது. அதிகம் தவறுவது காப்பு அமைப்பைக் குறிக்கும் கட்டம்தான், வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஹோலோடைப் எது, எந்த ஊரில் எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதும் கட்டுரையில் இருக்கிறதா என்று பதிப்பாசிரியர் பார்க்க வேண்டும். “ஆசிரியரிடம் உள்ளது” என்று எழுதுபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கே: மாநாட்டைத் தனியாக நடத்தலாமா? கட்டணம் எப்படி வைப்பது?

அறுபது பேருக்குக் குறைந்தால் பெரிய பூச்சியியல் அல்லது ஒட்டுண்ணியியல் மாநாட்டோடு ஒட்டி, அதற்கு முந்தைய நாள் நடத்துங்கள். அமெரிக்க அகராலஜி சங்கமே பூச்சியியல் சங்கக் கூட்டத்தோடு சேர்ந்துதான் கூடுகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் சர்வதேச அகராலஜி மாநாடு (முதல் மாநாடு 1963இல்) நடக்கும் ஆண்டில் உங்களுடையதைச் சிறிதாக்குங்கள், பயணப் பணம் அங்கே போய்விடும்.

கட்டணத்துக்கு வழி எளிது. எதிர்பார்க்கும் ஆட்களில் ஐந்தில் நான்கு பங்குதான் வருவார்கள் என்று கணக்கிடுங்கள். அரங்கு போன்ற நிலைச் செலவு 1,000, ஆளுக்கு ஆகும் செலவு 10, எதிர்பார்ப்பு 50 பேர் என்றால் 40ஆல் வகுங்கள்: 25, அதோடு 10, ஆகக் கட்டணம் 35. ஐம்பதால் வகுத்து 30 என்று வைத்து நாற்பது பேர் வந்தால் 200 கைநட்டம்.

இரண்டு அரங்கில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி வைக்காதீர்கள். உண்ணிக்காரர் மைட் பேச்சைக் கேட்காமல் போவதற்கா இத்தனை பாடு?

கே: மூன்று நாள் இனங்காணல் பயிற்சி வைக்கிறோம். மாணவர்கள் செய்த ஸ்லைடுகள் கடைசி நாளிலும் தெளியவில்லை. என்ன தவறு?

நேரம்தான் தவறு. ஹோயர் கலவையில் (மாதிரியை ஸ்லைடில் பதிக்கும் ஊடகம்) ஏற்றிய ஸ்லைடு 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமாவது காய வேண்டும். மூன்று நாளில் அது நடக்காது. முதல் நாள் காலையிலேயே, பல வாரம் முன்பு செய்து காய்ந்த ஸ்லைடுகளைக் கையில் கொடுங்கள். ஸ்லைடு செய்யும் பாடத்தை மதியம் வையுங்கள். மாதிரிகளை லாக்டிக் அமிலத்தில் நீங்களே முன்கூட்டித் தெளியவைத்திருங்கள். அளவு மீறித் தெளிந்தால் முடிகள் கண்ணுக்கே தெரியாது, கால்கள் கழன்றுவிடும்.

கலவைக்கு: காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி., அகேசியா பிசின் 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மி.லி. இதே வரிசையில், சூடாக்காமல் கரையுங்கள். பிசினைக் கட்டியாக வாங்குங்கள், பொடியில் குமிழி நிறைய வரும். கடைசியில் கண்ணாடிக் கம்பளியில் வடிகட்டுங்கள். குளோரல் ஹைட்ரேட் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்குரிய மருந்து, அனுமதிக்கே மாதங்கள் ஆகலாம். பயிற்சித் தேதியை அந்த அனுமதி கிடைத்த பிறகு குறியுங்கள். ஓரத்தைக் கிளிப்டால் போன்ற வார்னிஷால் அடைக்காவிட்டால் கலவை ஈரத்தை இழுத்து இளகும், அல்லது வறண்டு படிகமாகும்.

ஒரு நுண்ணோக்கிக்கு இரண்டு பேர், ஆறு பேருக்கு ஓர் ஆசிரியர். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியும் 100 மடங்கு எண்ணெய் லென்ஸும் இல்லாத நுண்ணோக்கியில், பயிர் மைட்களை வேட்டையாடும் ஃபைட்டோசெய்டு மைட்களைப் படிப்பிக்க முயல வேண்டாம். வளர்ந்த கடின உண்ணிகளுக்கு ஸ்லைடே தேவையில்லை, நல்ல ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும்.

கே: உறுப்பினர்கள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள உதவலாமா? கூரியர் நிறுவனம் ஆல்கஹால் என்றதும் மறுக்கிறது.

விமானப் போக்குவரத்து விதிகளில் ஏ180 என்ற சிறப்பு விதி இதற்காகவே இருக்கிறது. தொற்று இல்லாத மாதிரி, ஒரு குப்பிக்கு 30 மி.லி.க்கு மேற்படாத ஆல்கஹால். குப்பியைப் பிளாஸ்டிக் பையில் வைத்துச் சூட்டில் ஒட்ட வேண்டும். அதை உறிஞ்சும் பொருளோடு இன்னொரு பையில் வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். பிறகு மெத்தென்ற அடைப்போடு உறுதியான பெட்டி. பெட்டிக்கு மொத்தம் 1 லிட்டருக்கு மேல் கூடாது. இது ஆய்வு மாதிரி, ஏ180 பொருந்தும் என்ற வாசகம் வெளியே இருக்க வேண்டும். இதைச் செய்தும் சில அஞ்சல் நிறுவனங்கள் ஏற்காது, முன்பே கேளுங்கள்.

நாடு விட்டு நாடு போனால் மரபு வளங்களைப் பெறுவது, பயன்படுத்துவது பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறைப்படி சேகரிப்பு அனுமதியின் நகல் உடன் செல்லட்டும். உயிருள்ள உண்ணிகளையும் மைட்களையும் சங்கத்தின் பெயரில் அனுப்பவே வேண்டாம்.

கே: பொதுமக்கள் தங்களைக் கடித்த உண்ணியின் படத்தை அனுப்பி “ஆபத்தா?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமா?

இனத்தைச் சொல்லலாம், நோயைச் சொல்லக் கூடாது. உண்ணியின் இனம் தெரிந்தாலும் அது கிருமி சுமந்ததா என்பது தெரியாது. ஒரு நிலையான பதில் தயாராக வைத்திருங்கள்: நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். எண்ணெய், வாசலின், நெருப்பு எதுவும் வேண்டாம். கடித்த தேதியைக் குறித்துவைத்து, காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சிலர் உடம்பெங்கும் மைட் ஊர்கிறது என்று தோல் துணுக்குகளையும் நூல் இழைகளையும் பெட்டியில் போட்டு மீண்டும் மீண்டும் அனுப்புவார்கள். ஒருமுறை கவனமாகப் பாருங்கள், கண்டதை மரியாதையாக எழுதுங்கள், தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விவாதத்தில் இறங்காதீர்கள். வேதனை உண்மையானது, ஆனால் அதைத் தீர்க்கும் இடம் உங்கள் சங்கம் அல்ல.

கே: மறைந்த மூத்த உறுப்பினரின் 4,000 ஸ்லைடுகளைக் குடும்பத்தினர் சங்கத்துக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

சங்கத்தின் பெயரில் வாங்காதீர்கள். நிரந்தர அறையும் காப்பாளரும் இல்லாத அமைப்பிடம் சேகரிப்பு போனால், அடுத்த செயலாளரின் அலமாரிக்குப் போகும், அதற்கடுத்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஓர் அருங்காட்சியகமோ பல்கலைக்கழகச் சேகரிப்போ ஏற்கும்படி பேசி முடியுங்கள். இடைப்பட்ட நாளில் சங்கம் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஸ்லைடுகளை நிமிர்த்தி அடுக்காமல் படுக்கைவசமாக வையுங்கள், ஹோயர் கலவை இளகினால் மாதிரி ஓரத்துக்கு வழியும். பெட்டியின் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொரு லேபிளையும் படம் எடுங்கள். இனப் பெயர்களுக்கு ஆதாரமான டைப் ஸ்லைடுகளை முதலில் பிரித்துப் பட்டியலிடுங்கள். களக் குறிப்பேடுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். லேபிளில் ஓர் எண் மட்டும் இருக்கும் ஸ்லைடுக்கு இடமும் தேதியும் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும், குடும்பத்தினர் முதலில் பழைய காகிதக்காரரிடம் போடுவதும் அதைத்தான்.