சீசன் காசு எங்கே போகிறது?

கேள்வி: திருச்சியில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் 9 வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். கைக்கு 24,000 ரூபாய் வந்தது. இரண்டு வருடமாகத் தனியாகச் செய்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை பெட்ரோல், கேஸ், ஹெல்பர் கூலி எல்லாம் போக மாதம் 80,000 நிற்கிறது. ஜூலை, ஆகஸ்டில் 30,000. அப்புறம் பிப்ரவரி வரை 15,000 வந்தாலே பெரிது. வீட்டுச் செலவு மாதம் 28,000. ஜூனில் பிள்ளைகள் ஃபீஸ் 40,000. தங்கச்சி வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார். முதல் வருடம் மே மாதம் 1.5 லட்சம், போன மே மாதம் 2 லட்சம் கைமாற்றாகக் கொடுத்தேன், இன்னும் திரும்பவில்லை. தங்கச்சி முகத்துக்காக இல்லை என்று சொல்ல வரவில்லை. மனைவியின் நகை மூன்று ரசீதாக 1.6 லட்சத்துக்கு அடகுக் கடையில் ஒன்றரை வட்டிக்கு இருக்கிறது. பழைய முதலாளி 26,000 தருகிறேன், வா என்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்து நகையை மீட்கலாமா? ஆஃப் சீசனில் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்யச் சொல்கிறார் நண்பர். வேலையை விட்டது தப்பா?

பதில்: தப்பில்லை. கடிதத்தின் நடுவில் தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் தொழில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சீசன் நான்கு மாதம் 3.2 லட்சம், அடுத்த இரண்டு மாதம் 60,000, மிச்ச ஆறு மாதம் 90,000. மொத்தம் 4.7 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 39,000. கம்பெனியில் கைக்கு வந்தது 24,000தான் என்றாலும் பி.எஃப்.பில் இரு பக்கமும் சேர்ந்து ஏறியது, தீபாவளி போனஸ், கிராஜுவிட்டி, மெடிக்கல் பாலிசி எல்லாவற்றையும் கூட்டினால் 30,000 பக்கம் வரும். ஆக, தனியாக வந்ததில் உங்களுக்கு மாதம் எட்டு, ஒன்பதாயிரம் கூடுதல். மே மாதம் நீங்கள் நினைத்த அளவுக்கு லாபம் இல்லை. நவம்பரில் பயந்த அளவுக்கு மோசமும் இல்லை.

இப்போது வீட்டுக் கணக்கு. வருடச் செலவு 3.36 லட்சம், ஃபீஸ் 40,000. 4.7 லட்சத்தில் இதைக் கழித்தால் வருடத்துக்கு 94,000 மிஞ்ச வேண்டும். இரண்டு வருடத்துக்கு 1.88 லட்சம். நீங்கள் கைமாற்றாகக் கொடுத்தது 3.5 லட்சம். அதில் 1.88 போனால் 1.62 லட்சம். அடகு ரசீதைக் கூட்டிப் பாருங்கள், 1.6 லட்சம். உங்கள் மனைவியின் நகை அடகில் இருப்பது செல்போன் கடைக்காக. மாதம் 2,400 ரூபாய் வட்டி மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். அதை எந்தச் செலவைக் குறைத்துக் கட்டினீர்கள் என்பது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

பழைய முதலாளியிடம் போனால் 26,000. வீட்டுச் செலவே 28,000. இதில் என்ன யோசனை?

மாப்பிள்ளைக்கு உங்கள் சீசன் மனப்பாடம். இரண்டு வருடமும் மே மாதம்தான் கேட்டிருக்கிறார், கவனித்தீர்களா? அந்த நேரத்தில் உங்கள் ஜிபே கணக்கில் பணம் கிடக்கும், இல்லை என்று சொன்னால் பொய் ஆகிவிடும். அதனால் அதை உண்மையாக்கிவிடுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் 13,000 துண்டு விழுகிறது. ஏப்ரல், மே வரும்படியில் 13,000 வீதம் ஆறு எஃப்.டி. போடுங்கள், செப்டம்பர் 1, அக்டோபர் 1 என்று மாதம் ஒன்று முதிர்கிற மாதிரி. வட்டி அற்பம்தான், போகட்டும். கஸ்டமர் பணம் எல்லாம் ஒரு கரன்ட் அக்கவுண்டில் விழட்டும். அதிலிருந்து ஒன்றாம் தேதி 28,000 மனைவி கணக்குக்குப் போகட்டும். அதுதான் உங்கள் சம்பளம். மே மாதம் ஃபோன் வந்தால் "எல்லாம் எஃப்.டி.யில் கிடக்கு மாப்பிள்ளை" என்று கூசாமல் சொல்லலாம். கொடுத்த 3.5 லட்சத்துக்கு மாதம் 5,000 கேளுங்கள், தங்கச்சியையும் உட்கார வைத்துக்கொண்டு. கடை நடக்கிறது என்றால் அது அவரால் முடியும். முடியவில்லை என்றால் மூன்றாவது தடவை கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பி.எஃப்.பைத் தொடாதீர்கள். வேலையை விட்டாலும் அதற்கு வட்டி சேருகிறது, 2024-25க்கு 8.25 சதவீதம். பலர் கவனிக்காத இன்னொன்று: பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். உங்களுடையது சரியாக 9 வருடமா, ஒன்பதரையா என்று பாஸ்புக்கில் பாருங்கள்; ஆறு மாதம் தாண்டியிருந்தால் அதை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பென்ஷன் பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரை பார்த்த சர்வீஸுக்கான சான்று) வாங்கி வையுங்கள். பின்னால் எங்காவது ஒரு வருடம் பி.எஃப். உள்ள வேலை பார்த்தால் அதோடு சேர்ந்துகொள்ளும். 58 வயதில் மாதம் இரண்டாயிரம் சொச்சம்தான், ஆனால் ஆயுள் முழுக்க வரும்.

ஆப்ஷன் டிரேடிங் பற்றி: 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ என்கிற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆய்வு செய்து சொல்லிவிட்டது. அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆஃப் சீசனில் கிளினிக், லேப், சர்வர் ரூம் வைத்திருக்கிற ஆபீஸ் என்று நாலு இடம் ஏறி ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் கேளுங்கள். அங்கே டிசம்பரிலும் ஏ.சி. ஓடும். கூடவே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வேலையும் எடுங்கள்.

நகைக்கு: ஒன்றரை வட்டி என்பது வருடத்துக்கு 18 சதவீதம், 28,800 ரூபாய். வங்கியில் 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கும். வட்டி ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்று ரசீதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. மார்ச் வரும்படியில் சின்ன ரசீதை மீட்டு, அந்த நகையை வங்கியில் வைத்து அடுத்ததை மீட்கலாம். சீசன் முடிவதற்குள் ஒன்றாவது வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எது முதலில் வரவேண்டும் என்று மனைவியிடம் கேளுங்கள்.