புதுக் கொம்பியூட்டர் வாங்கினால் இன்ரநெற் கெதியாகுமா?

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறோம். வீட்டில் 4ஜி ரவுட்டர். லப்டொப் பழசு: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. செய்தித் தளம் ஒன்று திறக்கவே ஒரு நிமிடம் எடுக்கிறது. யூடியூப் விட்டு விட்டு ஓடுகிறது. புது லப்டொப் வாங்கினால் சரிவருமா?

பதில்:

பாதி சரிவரலாம், ஒன்றுமே மாறாமலும் போகலாம். எது நடக்கும் என்பதைக் காசு கட்ட முன்னமே வீட்டில் இருந்து கண்டுபிடித்துவிடலாம்.

அந்தச் செய்தித் தளத்தைத் திறந்து, எவ்வளவு நேரம் எடுத்தாலும் முழுக்க வரும்வரை விடுங்கள். பிறகு வைஃபையை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். கீழே சில படங்கள் வராமல் இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். உருளும் விதத்தை மட்டும் பாருங்கள். இன்ரநெற்றே இல்லாத நேரத்திலும் பக்கம் இறுகி இறுகி நகர்ந்தால், தேடல் பெட்டியில் அடித்த எழுத்துத் திரையில் விழச் சுணங்கினால், குறை லப்டொப்பில்தான். தங்குதடையில்லாமல் உருண்டால் சந்தேகத்தை ரவுட்டர் பக்கம் திருப்புங்கள். அதே இடத்தில், அதே வைஃபையில், போனிலும் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். போனில் கெதியாக வந்தால் லைனில் பிழையில்லை.

யூடியூப்புக்கு இதைவிடத் துல்லியமான வழி உண்டு. ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலின் கடைசியில் ‘ஸ்டட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்’ என்று இருக்கும். அதை அழுத்தினால் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் இரண்டு வரிகள் காணும். ‘பஃபர் ஹெல்த்’ என்பது இன்னும் எத்தனை வினாடி வீடியோ கையிருப்பில் இருக்கிறது என்று காட்டுகிறது. ‘ஃபிரேம்ஸ்’ வரியில் ‘டிரொப்ட்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண், திரையில் போட முடியாமல் கைவிட்ட படங்களின் எண்ணிக்கை. பஃபர் 20, 30 வினாடி இருந்தும் டிரொப்ட் எண் ஏறிக்கொண்டே போனால், வீடியோ வந்து சேர்ந்துவிட்டது, சுருக்கி அனுப்பப்பட்ட அதை லப்டொப்பால்தான் விரிக்க முடியவில்லை. பஃபர் பூச்சியத்துக்கு இறங்கி இறங்கி வீடியோ நின்றால் லைன்தான் காரணம்.

நான்காம் தலைமுறை இன்டெல்லில் முதல் வகை அடிக்கடி வரும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. விபி9ஐ முழுமையாக விரிக்கும் வன்பொருள் இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில் இருந்துதான் வருகிறது, ஏவி1க்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். உங்களுடையதில் அந்த வேலை முழுக்கச் சிபியூவின், அதாவது லப்டொப்பின் மூளையின், தலையில் விழுகிறது. தரத்தை 480க்குக் குறைத்தால் பாரம் இறங்கும். ‘எச்264ஃபை’ என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் பழைய எச்.264 வடிவத்தையே யூடியூப் அனுப்பும். அதை உங்கள் லப்டொப் வன்பொருளிலேயே விரிக்கும்.

இனிக் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, செய்தித் தளத்தைத் திரும்பத் திறவுங்கள். உங்கள் லப்டொப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது சிபியூவை அல்ல, டிஸ்க்கை. மெமரி 85 சதவீதத்துக்கு மேலும் டிஸ்க் 100இலும் நின்றால் நடப்பது இதுதான்: 4 ஜிபியில் ஏறக்குறையப் பாதியை விண்டோஸே எடுத்துவிடுகிறது, மிச்சத்தைக் குரோமில் திறந்துள்ள நாலைந்து பக்கங்கள் நிரப்பிவிடுகின்றன, மிஞ்சுவதை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதித் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை வாசிக்கும்போது ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு ஒரு மெகாபைட் அளவுக்கே இறங்கிவிடும். பக்கம் ரவுட்டர்வரை வந்து நின்றாலும் பிரவுசர் அதை வாங்கிப் போட நேரமில்லாமல் தவிக்கும். திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்க்கிறவர் லைனைத்தான் திட்டுவார்.

இதற்குப் புது லப்டொப் தேவையில்லை. 240 அல்லது 256 ஜிபி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) ஒன்றும், இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ராம் வாங்கும்போது டிடிஆர்3எல், 1.35 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தலைமுறை லப்டொப்களில் 1.5 வோல்ட் ராம் போட்டால் பலதும் ஓன் ஆகாது. ராமுக்கு வெற்று ஸ்லொட் இருக்கிறதா என்பதை டாஸ்க் மனேஜரின் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் மெமரியை அழுத்தினால் அதுவே சொல்லும்.

அங்கேயே சிபியூவின் வேகத்தையும் பாருங்கள். வேலை கடுமையாக இருக்கும்போது 0.8 கிகாஹேர்ட்ஸ் அளவில் ஒட்டிக்கொண்டு நின்றால் அநேகமாகச் சூடுதான். கோண்டாவில் செம்மண் தூசும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் விசிறியின் வாய் அடைபட நாளாகாது. திறந்து துப்புரவாக்கி, சிபியூவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சரிவரும். சில லப்டொப்கள் தமக்குரியதல்லாத சார்ஜரைப் போட்டாலும் இதே மாதிரி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

லப்டொப் சோதனையில் தப்பினால் அடுத்தது வைஃபை. கொமாண்ட் புரொம்ப்ட் எனும், விண்டோஸில் கட்டளை அடிக்கும் பெட்டியில் ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, கொடுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டர் 5 மில்லி வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். 100, 200 என்று துள்ளினால், அல்லது இடையில் பதிலே வராவிட்டால், கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் வைஃபை மிகவும் மெலிந்துவிடும். நெற்வேர்க் கேபிளை நேரே ரவுட்டரில் கொழுவிப் பாருங்கள். அதோடு சரிவந்தால் ரவுட்டரை நடுக்கூடத்துக்கு நகர்த்துங்கள். லப்டொப்பில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும் இருந்து, ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸும் இருந்து, அது அதே அறையில் என்றால், 5 கிகாஹேர்ட்ஸ் யூஎஸ்பி வைஃபை டொங்கிள் ஒன்று காணும்.

ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்கிறதென்றால் வெளியே இன்ரநெற்றில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8 ஐப் பிங் செய்யுங்கள். விடிய 5 மணிக்கு ஒருக்கால், இரவு 9 மணிக்கு ஒருக்கால். விடிய நன்றாக இருந்து இரவில் இழுத்தால், டவரை ஊரே பங்கு போடுகிறது. எந்த லப்டொப்பாலும் அதைத் திருத்த முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 90 அளவில் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். மேல்மாடி யன்னலில் வைத்து, டவர் பக்கம் திருப்பி, எண் மாறுகிறதா என்று பார்த்தே இடத்தைத் தீர்மானியுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்திருந்தால் லப்டொப் காசை அதில் போடுவதே புத்தி. மாதக் கடைசியில் மட்டும் மெல்லப் போனால் முதலில் டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். வீட்டிலுள்ள போன் ஒன்று கூகுள் போட்டோஸுக்குப் படம் ஏற்றிக்கொண்டிருந்தாலும் மற்ற எல்லாருக்கும் லைன் இழுக்கும்.

டொரன்ரோவில் இருந்து ஓடும் தளங்கள் மட்டும் சுணங்கினால் அது தூரத்தின் வேலை. ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகும், ஒரு பக்கத்துக்குப் பல தரம் போய்வர வேண்டும்.

எல்லாம் பார்த்து லப்டொப்தான் என்று முடிவானால், இன்னொரு விடயத்தையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. வாசிக்க, வீடியோ பார்க்க மட்டும் என்றால் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம். வங்கி வேலையும் அதில் செய்கிறீர்கள், லினக்ஸ் பழக விருப்பமில்லை என்றால், பழையதில் காசு போடாமல் மாற்றுங்கள். பாவித்தது வாங்கினாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை நான்கும் இருக்க வேண்டும். கடையிலேயே உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, அந்தச் செய்தித் தளத்தையும் ஒரு யூடியூப் வீடியோவையும் திறந்து, கறுப்புப் பெட்டியில் டிரொப்ட் எண் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.