வாசகர் கேள்வி: சூடாக்கித்தானே கொடுத்தேன்?

கேள்வி: இரவு மிஞ்சிய சோற்றை ரைஸ் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டோம், சுவிட்சை அணைத்தாயிற்று. காலையில் முட்டை உடைத்து ஊற்றி, ஆவி பறக்க நாசி கோரேங் கிளறிக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் வாந்தி, காய்ச்சல் இல்லை. சோற்றில் வாடையும் இல்லை. முட்டைதான் காரணமா?
- வாசகி, ஈசூன்

பதில்: எங்கள் சந்தேகம் சோற்றின்மேல். முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா பாக்டீரியா என்றால் 6 மணி நேரமாவது ஆகும். பெரும்பாலும் காய்ச்சலும் சேர்ந்து வரும். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பேசில்லஸ் சீரியஸை நினைக்க வேண்டும். மண்ணில் வாழும் இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடே வீட்டுக்கு வந்துவிடும். உலை கொதித்தாலும் சாகாது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகும். மூடிய குக்கரில் சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்; நம் ஊர்ப் புழுக்கத்தில் விடிய விடிய ஆறினாலும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது. பெருகும்போதே சோற்றில் நஞ்சைக் கக்கிவிடும். வாணலிச் சூட்டில் பாக்டீரியா செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அழியாது. பிரஷர் குக்கரே தோற்றுப்போகும் சங்கதி இது.

மிஞ்சுமென்று தெரிந்தால் அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சமைத்து 2 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். இளஞ்சூடாக உள்ளே போனால் ஃப்ரிட்ஜ் ஒன்றும் கெட்டுவிடாது. குக்கரில்தான் இருக்க வேண்டுமென்றால் ‘கீப் வார்ம்’ ஓடட்டும். அது 60 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்று உணவு வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள்.

கேள்வி: பெரிய சட்டியில் வைக்கும் மட்டன் குழம்புக்கும் இதே கதைதானா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை, அங்கே ஆள் வேறு: கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. காற்றுப் புகாத சட்டியடியில், குழம்பு மெல்ல ஆறும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாகும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றைப் பிசைந்து பேதியாகும், வாந்தி அபூர்வம். இந்தப் பாக்டீரியா குடலுக்குள் போன பிறகே நஞ்சு உருவாவதால், இங்கே சூடாக்குவது பலிக்கும். ஆனால் ஓரத்தில் நுரை கட்டினால் போதாது, அடிவரை கிளறிக் கொதிக்க விட்டு, கறித்துண்டின் நடுவே 75 டிகிரி வரவேண்டும். மீதியைச் சட்டியோடு ஃப்ரிட்ஜில் ஏற்றாதீர்கள், நடுப்பகுதி குளிர வெகுநேரம் பிடிக்கும்; சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள்.