‘இது’ன்னு சொல்லாதீங்க டீச்சர்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நான் கேரளத்துல கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து எழுதறேன். பத்தாவது தமிழ் மீடியம் புள்ளைங்க 22 பேருக்கு சாயங்காலம் ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறேன். இந்த வருஷம் புதுசா ரெண்டு பேர் சேந்திருக்காங்க. ஒரு பையனுக்கு பார்வை சுத்தமா இல்ல, ஒரு பொண்ணுக்கு காதுல மெஷின் வெச்சும் பாதிதான் கேக்குது. ‘புரிஞ்சுதா’ன்னா ரெண்டு பேரும் ‘புரிஞ்சுது டீச்சர்’ங்கறாங்க, டெஸ்ட் வெச்சா மார்க் வரல. நான் ஸ்பெஷல் ட்ரெயினிங் எடுத்தவ இல்ல, மத்த புள்ளைங்களுக்கும் போர்ஷன் முடிக்கணும். அவங்க அம்மாமார்கிட்ட மனசு நோகாம சொல்லி வேற எங்கயாவது அனுப்பிடலாமான்னு தோணுது. என்ன செய்யறது?
— பேர் போட வேண்டாம்

பதில்:

டீச்சர், தோணினதுக்காக குத்த உணர்ச்சி எல்லாம் வேண்டாம், எனக்கும் தோணியிருக்கு. ஆனா வேற எங்கயாவதுன்னா எங்க? மலையாளத்துல கிளாஸ் தேடினா கெடைக்கும், தமிழ் மீடியத்துல பத்தாவது கணக்கு நம்ம பக்கம் எடுக்கற ஆளே கம்மி, அதுலயும் இவங்களுக்குன்னு தனியா எடுக்கற ஆள எங்க போய்த் தேடுவாங்க. வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் போனா சிலபஸே வேற. அதனால நீங்களே வெச்சுக்கோங்க, உங்க லெட்டர்ல இருக்கற கஷ்டத்துல முக்காவாசி அந்தப் புள்ளைங்களோடது இல்ல, நீங்க கிளாஸ் எடுக்கற விதத்தோடது, அத மாத்தலாம்.

மொதல்ல என் கதைய சொல்லிடறேன். 2020 லாக்டவுன்ல எல்லாரும் போன்ல பாடம் எடுத்தோமில்ல, அப்ப என் கிளாஸ்ல கண்ணு தெரியாத பொண்ணு ஒருத்தி இருந்தா. நான் நோட்ஸ அழகா கையால எழுதி போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டே இருந்தேன், அவளும் ஹோம்வொர்க் கரெக்டா அனுப்பிட்டே இருந்தா, பரவால்லையே நல்லா சமாளிக்கறாளேன்னு நெனச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சு திடீர்னு ஹோம்வொர்க் நின்னுபோச்சு. போன் பண்ணா விஷயம் என்னன்னா, வீட்ல சும்மா இருந்த அண்ணன்காரன்தான் தெனமும் என் போட்டோவ வாசிச்சுக் காட்டியிருக்கான், கோயமுத்தூர்ல மில்லு தெறந்ததும் அவன் வேலைக்குப் போயிட்டான். போட்டோவுல இருக்கற எழுத்த டாக்பேக் (போன்ல வர்ற எழுத்த சத்தமா வாசிக்கற வசதி) வாசிக்காதுன்னு எனக்குத் தெரியல, அவளும் வாய் தெறந்து சொல்லல. ஏம்மா சொல்லலன்னா, ‘உங்களுக்கு எதுக்கு டீச்சர் தொந்தரவு’ங்கறா. உங்க ரெண்டு பேரோட ‘புரிஞ்சுது டீச்சர்’ இருக்கே, அதுவும் அந்த ரகம்தான்.

இப்ப ஒரு காரியம் பண்ணுங்க. நேத்து எடுத்த கிளாஸ் ரெக்கார்டிங் இருந்தா போட்டு கண்ண மூடிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க. ‘இத இங்க கொண்டு வந்துட்டா இது கேன்சல் ஆகிடும், அப்ப இது எவ்வளவு?’ இப்படி எத்தன ‘இது’ வருதுன்னு எண்ணுங்க. கண்ணு தெரியற புள்ளைக்கு ஒவ்வொரு இதுக்கும் போர்டுல ஒரு எடம் இருக்கு, அந்தப் பையனுக்கு வெறும் இது மட்டுந்தான். எழுதறத வாயால சொல்லிக்கிட்டே எழுதுங்க, அதுவும் கணக்குல சொல்றதுல கவனம் வேணும். ‘ஏ ப்ளஸ் பி ஸ்கொயர்’னா பிக்கு மட்டும் ஸ்கொயரா, மொத்தத்துக்குமா? நாம ‘ஹோல் ஸ்கொயர்’னு சொல்ற பழக்கம் இருக்கே, அது நல்ல பழக்கம், அதே மாதிரி பின்னத்துல மேல என்ன, கோட்டுக்குக் கீழ என்ன, ரூட்டு எங்க முடியுதுன்னு சொல்லுங்க. இதனால மத்த இருபது பேருக்கும் லாபம்தான், பாதிப் பேர் சிக்னல் இல்லாம போர்ட பாக்காம சத்தத்த மட்டுந்தான் கேட்டுட்டு இருப்பாங்க.

அவன் கணக்கு எப்படிப் போடறான்னு கேட்டீங்களா? டெய்லர் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு, பலகை முழுக்க எட்டு மூலை ஓட்டையா இருக்கும், சின்னச் சின்ன அச்ச திருப்பித் திருப்பிச் சொருகினா, அது எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ அதுதான் நம்பர். நீங்க பேனாவுல பத்து செகண்டுல எழுதற வரிய அவன் ஒவ்வொரு அச்சா தேடி எடுத்து வெக்கணும். ‘யார் மொதல்ல சொல்றீங்க பாப்போம்’னு நீங்க போட்டி வெச்சா அவன் என்னிக்கும் மொதல்ல வர மாட்டான், கணக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தாலும்.

ஜியோமெட்ரிக்கு செலவே வேண்டாம். பழைய வளையல் ஒண்ண அட்டையில பெவிக்கால் போட்டு ஒட்டச் சொல்லுங்க, அதுதான் வட்டம். தென்ன ஈக்குச்சி ஒண்ண நடுவுல குறுக்கால ஒட்டினா விட்டம். அந்தக் குச்சியோட ரெண்டு முனையில இருந்தும் ரெண்டு ஈக்க எடுத்து வளையல்மேல எந்த எடத்துல வேணா சேத்துப் பிடிக்கட்டும், ஒரு போஸ்ட் கார்டு மூலைய உள்ள வெச்சுப் பாத்தா கச்சிதமா உக்காரும். சேர்ற எடத்த நகத்தி நகத்தி வெச்சுப் பாக்கட்டும், எங்க வெச்சாலும் 90 டிகிரிதான். அரைவட்டத்துக் கோணம் செங்கோணம்னு நாம நூறு தடவ எழுதிப் போடறத அவன் வெரல் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும்.

அடுத்து உங்க பி.டி.எஃப். டி.டி.பி கடையில குடுத்து டைப் பண்ணறீங்கன்னா கண்டிப்பா இத செக் பண்ணுங்க. பி.டி.எஃப்ல ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸப்புல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தமிழாவே வந்தா யூனிகோடு, அதாவது போன் வாசிக்கற எழுத்து, பிரச்சன இல்ல. காப்பியே ஆகலன்னா அது ஸ்கேன், அதாவது போட்டோ. இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வந்தா பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்டு. பாமினியில ‘தமிழ்’னு நம்ம கண்ணுக்குத் தெரியறது உள்ளுக்குள்ள ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்வளவுதான், அவன் போன் அதத்தான் உளறும். தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளி, கேரளத்துல பின்னசேஷி, பேரெல்லாம் ஜோரா வெச்சிருக்கோம், நோட்ஸ்தான் ஜே கே பி ஓ. பேசாம கணக்க வாட்ஸப்புல மெசேஜாவே டைப் பண்ணி முந்தின நாளே அனுப்பிடுங்க.

அந்த மெசேஜே பொண்ணுக்கும் உதவும், ஏன்னா காதுல பாதி விழறப்ப என்ன பாடம்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மீதிய ஊகிச்சுக்கலாம். அவ உங்க வாயப் பாத்துத்தான் மீதிய நெரப்பறா. நீங்க ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா மூஞ்சி இருட்டா ஒரு நெழலாத்தான் தெரியும், வெளிச்சம் உங்க மூஞ்சியில விழற மாதிரி திரும்பி உக்காருங்க. கேமராவ பேப்பர் மேல திருப்பிட்டுப் பேசினா அவளுக்கு அந்த நிமிஷம் கிளாஸ் கட். எழுதுங்க, அப்பறம் மூஞ்சியக் காட்டிப் பேசுங்க. அப்படியே வாயப் பாத்தாலும் எல்லாம் தெரியாது, ‘படி’யும் ‘மடி’யும் ஒதட்டுல ஒண்ணேதான், கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாருங்க. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இன்னும் மோசம், அதனால நம்பர எப்பவும் எழுதிக் காட்டுங்க. லைவ் ட்ரான்ஸ்க்ரைப்னு கூகுள் ஆப் ஒண்ணு இருக்கு, தமிழும் எடுக்கும், வீட்ல இன்னொரு போன் இருந்தா பக்கத்துல வெச்சுக்கட்டும். ஆனா நம்பரும் கணக்கு வார்த்தையும் தப்புத்தப்பா விழும், அத மட்டும் நம்பி விட்ராதீங்க.

ஒரு சிக்கல சொல்லணும், இது யாரும் யோசிக்காதது. பொண்ணுக்கு சாட் வேணும், ஆனா சாட்ல விழற ஒவ்வொண்ணையும் பையனோட டாக்பேக் வாசிக்கும், உங்க குரல் மேலயே. கிளாஸ் ஆரம்பிச்சதும் ‘குட் ஈவினிங் மிஸ்’, ‘குட் ஈவினிங் மிஸ்’னு இருபது தடவ அவன் காதுக்குள்ள ஓடிட்டு இருக்கறப்ப நீங்க சொன்ன மொத கணக்கு போயே போச்சு. அதனால குட் ஈவினிங்குக்கு தடா போடுங்க, சாட்ல நீங்க மட்டும் கேள்விய டைப் பண்ணுங்க, பண்ணிட்டு அத வாயாலயும் ஒரு தடவ வாசிங்க.

பரிட்சை விஷயம் இப்பவே ஆரம்பிக்கணும், மார்ச்ல ஓடி பிரயோஜனம் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல எழுத ஆள், கூடுதல் நேரம் ரெண்டும் இருக்கு, மத்திய அரசோட வழிகாட்டுதல்ல நேரம் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் கொறையக் கூடாதுன்னு இருக்கு. கேரளத்துல பத்தாவதுக்கு இத ஸ்கூல் மூலமாத்தான் கேக்கணும், ஹெட்மாஸ்டர்கிட்ட அம்மாமார் போய் நிக்கட்டும், பி.ஆர்.சில (பிளாக் ரிசோர்ஸ் சென்டர்) ஸ்பெஷல் டீச்சர் யாருன்னும் அங்கயே கேக்கட்டும். குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்ட்டிபிகேட் இருந்தா 18 வயசு வரைக்கும் புஸ்தகம், உபகரணம் இலவசமா தரணும்னும் அதே சட்டத்துல இருக்கு. யூ.டி.ஐ.டி கார்டு, அதாவது மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லன்னா அக்ஷயா சென்டர்ல (கேரளத்து இ-சேவை மையம்) அப்ளிகேஷன் போட்டுடலாம். நம்ம பக்கத்து ஆளுங்க அடிக்கடி கொழப்பிக்கறது ஒண்ணு, அந்தக் கார்டு இந்தியா முழுக்க செல்லும், ஆனா பென்ஷன், ஸ்காலர்ஷிப் மாதிரி மாநில சலுகை வீட்டு அட்ரஸ் எந்த மாநிலமோ அங்கதான். ரேஷன் கார்டு இங்க, ஆஸ்பத்திரி பொள்ளாச்சியிலன்னு இருக்கறவங்க மொதல்லயே இத தெளிவு பண்ணிக்கட்டும்.

போர்ஷன் பிந்தும்னு பயப்படறீங்க. மொத ரெண்டு வாரம் பிந்தத்தான் செய்யும், இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அப்பறம் உங்க வாய்க்கே பழகிடும்.

இன்னொண்ணு, தெனமும் எல்லார் முன்னாடியும் அவன் பேரச் சொல்லி ‘உனக்குப் புரிஞ்சுதா’ன்னு கேக்காதீங்க, பதினஞ்சு வயசுப் பையன், கூச்சத்துல ஆமான்னு தான் சொல்லுவான். அவன் ஒரு கணக்கு சரியா போட்டதுக்கு மத்தவங்கள கை தட்டச் சொல்றதும் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கப்ப போன் போடுங்க, அம்மாகிட்ட இல்ல, அவன்கிட்ட நேரா. ‘நேத்து கிளாஸ்ல எந்த எடத்துல விட்டுட்டே’ன்னு கேளுங்க, புரிஞ்சுதான்னு கேக்காதீங்க. பொண்ணுக்கு போன் வேண்டாம், மெசேஜ்ல கேளுங்க. அவங்க சொல்றது நான் எழுதினதுக்கு நேர் எதிரா இருந்தா அவங்க சொல்றபடியே செய்யுங்க.

வளையல் பிளாஸ்டிக் வளையலா பாத்து எடுக்கச் சொல்லுங்க. கண்ணாடி வேண்டாம்.