ஒரு கிலோ வெள்ளம் வாங்கி வரவும்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்குப் பத்துத் தமிழ்ச் சொற்கள் கொடுத்து, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் வைக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதி வர வேண்டும். தினமும் அழுகை, அடம். எழுதி முடித்தாலும் மறுநாள் கேட்டால் அதே தப்பு. அவள் விரும்பிச் செய்யும்படி இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

பதில்: ஒரு நாள் அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘வாழைப்பழம்’ பத்து முறை என்றால், பல பிள்ளைகள் முதலில் பத்து ‘வா’வை மேலிருந்து கீழாக வரிசையாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பத்து ‘ழை’, அப்புறம் பத்து ‘ப்’. சொல் என்று ஒன்றை அவர்கள் எழுதுவதே இல்லை. தொடக்கப் பள்ளியில் தமிழ் எடுத்த காலத்தில் நானும் பத்து முறை எழுத வைத்தவள்தான். நோட்டு நிறைந்தது, பிழை குறையவில்லை.

அதனால் இதை விளையாட்டாக்கிவிடலாம். அதற்கு முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பழைய சொல்வதெழுதுதல் நோட்டை எடுத்து, சிவப்பு மை பட்ட சொற்களை மட்டும் பாருங்கள். சொல் முழுவதும் தப்பாக இருக்காது. பெரும்பாலும் ஓர் எழுத்துதான் தப்பியிருக்கும். தமிழில் எழுத்து 247 இருந்தாலும் பிள்ளைகள் இடறுவது சில இடங்களில்தான்: ல, ள, ழ, ந, ன, ண, ர, ற, குறிலா நெடிலா, ஒற்று உண்டா இல்லையா. உங்கள் மகள் இதில் எங்கே இடறுகிறாள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றதை எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைப் பத்து முறை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது?

ந, ன, ண குழப்பம் சீக்கிரம் தீரக்கூடியது. ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். சுழியை எண்ணினால் எழுத்தின் வடிவம் தெரியும், எந்த இடத்தில் எது வரும் என்பது தெரியாது. அதற்குப் பதிலாகக் கூட்டாளி விளையாட்டு விளையாடுங்கள். ண்-க்குக் கூட்டாளி ட: நண்டு, வண்டி. ந்-க்குக் கூட்டாளி த: பந்து, சந்தை. ன்-க்குக் கூட்டாளி ற: கன்று, மூன்று. நெடுங்கணக்கு என்கிற எழுத்து வரிசையிலேயே ட-வுக்கு அடுத்து ண, த-வுக்கு அடுத்து ந, ற-வுக்கு அடுத்து ன என்று பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களும் இதைத்தான் சொல்கின்றன. ஆறு சீட்டில் ஆறு எழுத்தை எழுதிக் குப்புறப் போட்டு, ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஜோடி சேர்ந்ததும் அந்த ஜோடி வரும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். சொல்லின் முதல் எழுத்தாக வந்தால் ‘ந’தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ர, ற-வில் இரண்டு செய்தி போதும். சொல்லின் தொடக்கத்தில் ‘ற’ வராது. இரட்டித்து வந்தால் அது ‘ற’தான். இன்னொரு சிக்கல், நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. காத்து, நேத்து, கீத்து என்று பேசிவிட்டு, காற்று, நேற்று, கீற்று என்று எழுதச் சொல்கிறோம். காதில் விழுந்தபடி ‘காத்து’ என்று எழுதிய பிள்ளையைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ‘வாயில் காத்து, நோட்டில் காற்று’ என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே திரிந்தால் தானாகப் பதிந்துவிடும்.

ல, ள, ழ-வுக்குக் கண்ணாடி வேண்டும். ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் பக்கம் தொடும். ‘ள’வுக்கு நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு மடங்கும், ஆனால் தொடாது. கண்ணாடி முன்னால் அம்மாவும் மகளும் வாயைத் திறந்து செய்து பார்த்தால் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்’ இருக்கவே இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம் வீட்டுப் பேச்சிலேயே மழை ‘மள’ என்றும் பழம் ‘பளம்’ என்றும் இருந்தால், பிள்ளை எதைக் கேட்டு எழுதும்? சொல்வதெழுதுதலுக்குச் சொற்களைச் சொல்லும் நேரத்திலாவது நாக்கை மடக்குங்கள்.

மடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையே விளையாட்டாக்கலாம். அம்மா வைத்தது புளிக்குழம்பு. ஓர் எழுத்து மாறினால் புலிக்குழம்பு. குழம்புச் சட்டிக்குள் மீசையோடு புலி உட்கார்ந்திருப்பதுபோல் அவளை வரையச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போனாளா, பல்லிக்குப் போனாளா? மரத்தில் இருப்பது கிளியா, கிலியா? இப்படி ஒரு படம் வரைந்த பிள்ளை அந்த எழுத்தை லேசில் மாற்றாது. எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைப் பாடமாகச் சொல்வதைவிட, அந்தப் புலி நன்றாகச் சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மளிகைச் சீட்டு. பிள்ளைகள் எழுதுவதை யாராவது உண்மையாகவே படித்து, அதன்படி ஏதாவது நடந்தால், அந்த எழுத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. உளுந்து, மிளகு, வெங்காயம், எண்ணெய், வெல்லம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். மளிகைச் சாமானில் ள-வும் ண-வும் ந-வும் கொட்டிக் கிடக்கின்றன. ‘வெல்லம்’ என்பதை ‘வெள்ளம்’ என்று எழுதினால் திருத்த வேண்டாம். சீட்டை வாங்கிக்கொண்டு அப்பா குடையோடு கிளம்பினால் போதும். எண்ணெய் வந்தால் அதன் கதையையும் சொல்லுங்கள்: எள்ளிலிருந்து எடுத்த நெய், எள்+நெய், எண்ணெய். கடைசி ‘ய்’யை விடுகிற பழக்கம் அதோடு போய்விடும்.

மாவில் எழுதுவது, அரிசியில் எழுதுவது, கோலப்பொடியில் எழுதுவது எல்லாம் இணையத்தில் நிறையச் சொல்கிறார்கள். எழுத்தின் வடிவம் பிடிபடாத சின்னப் பிள்ளைக்கு அது நல்லது. விஜயதசமிக்கு அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைப்பதும் அந்த வயதில்தானே. ‘ள’வை அழகாக எழுதத் தெரிந்து, எங்கே போடுவது என்று தெரியாத பிள்ளைக்கு மாவு வீண்.

வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்க இப்படிச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல். பார்க்க வேண்டும், கையால் மூட வேண்டும், பார்க்காமல் எழுத வேண்டும், திறந்து அவளே சரிபார்க்க வேண்டும். இந்த ‘மூடு’ என்பதில்தான் சூட்சுமம். பார்த்துப் பத்து முறை எழுதுவதைவிட, நினைவிலிருந்து எடுத்து இரண்டு முறை எழுதுவது ஆழமாகப் பதியும். மறுநாள் புதிய மூன்றோடு பழைய மூன்றையும் கேளுங்கள். வியாழக்கிழமை அவள் டீச்சர், நீங்கள் மாணவி. அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒன்றிரண்டைத் தப்பாக. சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டால் உங்கள் மேல் துளி இரக்கம் இருக்காது. ஆனால் அவளுக்கு உறுதியாகத் தெரிந்த சொல்லில் மட்டும் தப்புச் செய்யுங்கள். அரைகுறையாகத் தெரிந்த சொல்லில் செய்தால் உங்கள் தப்பும் சேர்ந்து பதிந்துவிடும்.

பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, ணை, னை, றா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதுவார்கள். பிழையில்லை, ஆனால் பள்ளியில் சிவப்பு மை விழும்.

அந்தப் பத்து முறை விஷயத்தை ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. அதை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. ‘பத்து முறைக்குப் பதில் பார்க்காமல் மூன்று முறை எழுதட்டுமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், திருத்தும் வேலை அவர்களுக்கும் குறைகிறதல்லவா.

சில மாதங்கள் இப்படிச் செய்தும், தெரிந்த எழுத்துகளே திரும்பத் திரும்ப இடம் மாறினால், சின்னச் சொல்லைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உண்டா என்று அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். அது சோம்பலோ அடமோ அல்ல, திட்டினால் போகவும் போகாது.

வெள்ளிக்கிழமை நோட்டு வந்ததும் பத்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். போன வாரம் தப்பிய எழுத்து இந்த வாரம் சரியாக வந்திருக்கிறதா என்று அவளையே தேடச் சொல்லுங்கள்.