கேளுங்கள், சொல்கிறேன்: ஈலாமியர் என்ன ஆனார்கள்?

கேள்வி: அசிரிய மன்னன் அசுர்பானிபால் கி.மு. 647இல் சூசா நகரை அழித்ததோடு ஈலாம் முடிந்துபோனது என்று படித்தேன். அந்த மக்கள் பிறகு என்ன ஆனார்கள்? (கரூர் வாசகி)

பதில்: முடிந்துபோனது என்று முதலில் சொன்னவனே அசுர்பானிபால்தானே அம்மா! ஈலாம் என்பது இன்றைய தென்மேற்கு ஈரானில் இருந்த பழைய நாடு; அதன் பெருநகரான சூசாவில் தான் செய்ததை அவன் பெருமையாக எழுதிவைத்திருக்கிறான். நீல மெருகுச் செங்கல்லால் கட்டிய கோயில் கோபுரத்தை இடித்தானாம்; மன்னர்களின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அள்ளிச் சென்றானாம்; மண்ணில் உப்பைத் தூவினானாம். வென்றவன் பேச்சை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

நூறாண்டுக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ், பெஹிஸ்தூன் மலையில் தன் வெற்றியைச் செதுக்க வைத்தபோது முதலில் ஏறியது ஈலாமிய வாசகம்தான். பாபிலோனியமும் பழம்பாரசீகமும் பிறகு வந்தவை. பின்னாளில் தோற்ற பகைவன் ஒருவனின் உருவத்தைச் சேர்க்கும்போது அந்த முதல் வாசகம் சிதைந்தது. அதை அப்படியே விட்டுவிடவில்லை. வேறு இடத்தில் முழுவதையும் மறுபடி செதுக்கினார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தவை பாரசீகப் பேரரசின் தலைநகர்களில் ஒன்றான பெர்செபோலிஸின் களிமண் பலகைகள். 1933இல் கோட்டைச் சுவர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கில் கிடைத்தவை, கி.மு. 509 முதல் 493 வரையிலானவை. பெரும்பாலானவற்றின் மொழி ஈலாமியம், எழுத்து ஆப்பெழுத்து, அதாவது களிமண்ணில் ஆப்பு வடிவில் பதிக்கும் எழுத்து. உள்ளங்கையில் அடங்கும் அளவு; முடிச்சிட்ட நூலைச் சுற்றிக் களிமண்ணைப் பிசைந்து, இடது விளிம்பில் அதிகாரியின் முத்திரையை உருட்டியிருக்கிறார்கள்.

எழுதியிருப்பதெல்லாம் படிக் கணக்கு. யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு மது, யார் கையால் கொடுக்கப்பட்டது என்ற கணக்கு. பர்னாகா என்ற உயர் அதிகாரிக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆடுகள், ஏறத்தாழ 90 லிட்டர் திராட்சை மது, 180 லிட்டர் மாவு. பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்களுக்கும் தனிப்படி உண்டு. ஆண் குழந்தை பெற்றவளுக்குக் கொடுத்ததில் பாதிதான் பெண் குழந்தை பெற்றவளுக்கு. அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. கணக்கு எழுதியவர் பாகுபாட்டைக் கூட ஒளிக்காமல் எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெய்வங்களுக்கு அரசுக் கிடங்கிலிருந்து படையல் போன கணக்கில், பாரசீகரின் அகுரமஸ்தாவைவிட ஈலாமியரின் ஹும்பன் பெயரே அதிகம் வருகிறது. உப்புத் தூவிய மண்ணின் கடவுளுக்குப் பேரரசின் செலவில் படையல் நடந்திருக்கிறது! அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. பாரசீகரோடு கலந்து வாழ்ந்தார்கள். கிடங்குக் கணக்கு அவர்களுடைய மொழியில் ஓடியது.

கேள்வி: ஈலாமிய மொழி தமிழோடு உறவுள்ளது என்கிறார்களே, உண்மையா? (திருச்சி வாசகர்)

பதில்: டேவிட் மெக்கால்பின் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் ஈலாமியமும் திராவிட மொழிகளும் ஒரே குடும்பம் என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஈலாமியத்தை உறவு நிறுவப்படாத தனிமொழியாகவே வைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். நம் பெருமைக்காக அவர்களைச் சொந்தமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஹும்பனுக்குப் படைத்தவர்களை அவர்களுக்காகவே படியுங்கள்.