வாசகர் கேள்வி பதில்: வேலை இடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு?

போன இதழில் உட்கார்ந்த வேலை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதப்போக, அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

ஒரு மாத நடைப் போட்டி நடத்தும் பொறுப்பை நிர்வாகம் என் தலையில் கட்டிவிட்டது. தினமும் 10,000 அடி, அதிகம் நடந்தவருக்குப் பரிசு. இதனால் பலன் உண்டா? (எச்.ஆர். பிரிவில் இருப்பவர்)

பரிசு யாருக்குப் போகும் என்று இப்போதே சொல்லிவிடலாம், ஏற்கெனவே விடிகாலையில் எழுந்து ஓடுகிறவருக்கு. முழங்கால் வலியோடு வருகிறவரும், வேலை முடிந்த கையோடு குழந்தையைக் கூட்டிவர ஓடுகிறவரும் முதல் வாரத்திலேயே கழன்றுகொள்வார்கள். குத்தலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்கள் கிட்டத்தட்ட 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் முன்பிருந்தே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள், நல்ல பழக்கம் உள்ளவர்கள். மற்றபடி செலவிலோ பழக்கத்திலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் வரவில்லை. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் நடந்தது. 160 கிளைகளில் 20-ஐக் குலுக்கித் தேர்ந்து அங்கே மட்டும் திட்டம் போட்டார்கள். 18 மாதம் கழித்து 'உடற்பயிற்சி செய்கிறேன்' என்று சொல்கிறவர்கள் கூடியிருந்தார்கள், ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, எடுத்த லீவு என்று அளந்து பார்த்த எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

அந்த 10,000-மும் மருத்துவர்கள் போட்ட கணக்கு இல்லை, 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் (அடிகளை எண்ணும் கருவியின்) பெயரோடு கிளம்பிய எண். உலக சுகாதார அமைப்பு நிமிடத்தில்தான் பேசுகிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு தசைக்கு வேலை தரும் பயிற்சி வாரம் 2 நாளாவது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது, 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். அலுவலகத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, ஏனென்றால் இரண்டு மாடி ஏறி இறங்குவதும் இப்போது கணக்கில் வரும்.

சரி, போட்டியை நிறுத்த உங்களால் முடியாது, புரிகிறது. குழுக்களாகப் பிரித்து, அவரவருடைய பழைய அளவிலிருந்து எவ்வளவு கூட்டினார்கள் என்று மட்டும் பாருங்கள். அப்புறம், போட்டிக்குக் கையெழுத்து வாங்கப் போகும்போதே நிர்வாகத்திடம் இன்னும் சிலதைக் கேட்டுப்பாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் வைக்கக் கூடாது, ஒரு மணி நேர மீட்டிங் 50 நிமிடத்தில் முடிய வேண்டும், படிக்கட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். நான் பார்த்த பல கட்டடங்களில் படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கும், திறந்தாலும் விளக்கு எரியாது, பக்கத்துச் சுவரில் மட்டும் 'லிஃப்டைத் தவிர்ப்போம்' என்று பளபளவென்று போஸ்டர் ஒட்டியிருக்கும்.

நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை வாங்கித் தரச் சொல்லலாமா? எடை குறையும் என்கிறார்களே? (மென்பொருள் துறை)

குறையாது. உட்கார்ந்திருப்பதைவிட நிற்பதில் மணிக்குச் சுமார் 9 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது. முதுகுக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் நாள் பூராவும் அசையாமல் நிற்பது காலுக்கு வேறு தொல்லை தரும். உங்களுக்குத் தேவை நிலை மாறுவதும் நடப்பதும்.

இந்த விஷயத்தில் பழைய ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களையும், டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டு 1953-ல் வெளியிட்டார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம். வேலையில் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்து, அவர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்துச் சரிபார்த்தார்கள். பருமனாகத்தான் இருந்தார்கள், ஆனால் ஒல்லியானவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் நடத்துநர் பக்கம்தான் நிலைமை மேல். அந்த நடத்துநர்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை, போட்டியும் வைக்கவில்லை. படிக்கட்டு அவர்களுடைய வேலைக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான். உங்கள் வேலைக்குள் அதை எங்கே நுழைக்கலாம் என்று பாருங்கள். போனில் பேசும் மீட்டிங்கில் திரையைப் பார்க்கத் தேவையில்லை என்றால் எழுந்து நடந்தபடி பேசலாமே.

எங்கள் கேன்டீனில் பழம், காய்கறி எல்லாம் வைத்துப் பார்த்தோம். விலைபோகவில்லை, பொரித்ததுதான் போகிறது. ஆட்களை எப்படித் திருத்துவது? (கேன்டீன் கமிட்டி உறுப்பினர்)

ஆட்களை விடுங்கள், அலமாரியைத் திருத்துங்கள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2010-ல் தன் கேன்டீனில் இதைச் செய்துபார்த்தது. முதலில் எல்லாவற்றிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டினார்கள். சில மாதம் கழித்துத் தண்ணீர் பாட்டில்களைக் கண்மட்டத்துக்கும் கை எட்டும் இடத்துக்கும் கொண்டுவந்தார்கள். சிவப்பு நிறம் ஒட்டிய பானங்களின் விற்பனை இறங்கியது, தண்ணீர் விற்பனை ஏறியது, 2 வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் நீடித்தது. இத்தனைக்கும் எதையும் தடை செய்யவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, பழம் முழுசாகக் கூடையில் கடைசி மேசையில் இருக்கிறது என்று. அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டியவர் அதை எடுத்து, கழுவி, கத்தி தேடி, நறுக்கிச் சாப்பிடுவார் என்று நினைக்கிறீர்களா? நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு வரிசையின் தொடக்கத்தில் வையுங்கள், தட்டில் இடம் இருக்கும்போதே கண்ணில் படட்டும். பொரித்ததை வரிசையின் கடைசிக்குத் தள்ளுங்கள். மேசை மேல் நிற்கும் உப்பு டப்பாவை எடுத்துவிட்டு, கேட்டால் கொடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை, சமையலிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். குளிர்பானத்துக்கும் இதே கதைதான். 330 மில்லி டப்பா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும், நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று சொல்லப்படுகிற இடத்தில்.

கிடங்கில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன். எனக்கும் உடற்பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். இது நியாயமா?

உங்கள் கோபம் நியாயமானதுதான். கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய நோய் குறைவாகவும், வேலையிலேயே கடுமையாக உழைக்கிறவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றால் வரும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். ஓடிப் பயிற்சி செய்கிறவர் களைத்தால் நிறுத்திவிடுவார், நீங்கள் ஷிஃப்ட் முடியும்வரை நிறுத்த முடியாது என்பதும், ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே இருக்கிறது என்பதும் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள். ஆகவே உங்களுக்கு அந்த வகுப்பைவிட முதலில் வேண்டியது தள்ளுவண்டி, இரண்டு பேராகத் தூக்கும் ஏற்பாடு, நிழலில் உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர். வகுப்புக்கு ஒதுக்கிய நேரத்தை ஓய்வாகக் கொடுக்க முடியுமா என்று உங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள், தனியாகக் கேட்காதீர்கள்.

வாரா வாரம் யாருக்காவது பிறந்தநாள், கேக். வேண்டாம் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

சின்னத் துண்டாக வாங்கிச் சாப்பிடுங்கள். அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. மாதத்துக்கு ஒரே நாளில் எல்லாப் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடலாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள் என்றே நினைக்கிறேன்.

எடை பார்த்து, பெயரோடு பட்டியல் ஒட்டப் போகிறார்களாம். மறுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

மறுங்கள், எழுத்தில். உங்கள் எடை உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் நடுவே இருக்க வேண்டிய விஷயம். பரிசோதனை முகாம் வைத்து, முடிவை மூடிய உறையில் அவரவர் கையில் கொடுத்தால் அது உதவி. சுவரில் ஒட்டினால் அவமானம், அதற்குப் பயந்து அன்றைக்கு லீவு போடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை அதிகம் தேவைப்பட்டிருக்கும். பட்டியல் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால், அதைக் கழற்றச் சொல்லி எச்.ஆருக்கு எழுதும் கடிதத்தில் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.